வான்கோழிக்கு எந்த சோக்? வாசகர் கேள்வி பதில்

வசந்தகால வான்கோழி சீசன் நெருங்கினாலே அமெரிக்காவில் இருக்கும் வாசகர்களிடமிருந்து துப்பாக்கி பற்றிய கேள்விகள் குவிந்துவிடும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றி, அதாவது பல சிறு குண்டுகளை ஒரே நேரத்தில் சுடும் ஷாட்கன் குழலின் வாயில் திருகிப் போடும் சோக் டியூப். அது வாயைக் குறுக்கி, குண்டுகள் அதிகம் பரவாமல் நெருக்கமாகப் போக வைக்கும். நம்மில் பலர் வேட்டைக்குத் தடை உள்ள ஊரில் வளர்ந்து, முதல் துப்பாக்கியையே இங்கே வந்து அலுவலக நண்பர் யாராவது கையில் கொடுக்கத்தான் தொட்டிருக்கிறோம். அந்த நண்பர் நல்லவராக இருப்பார், ஆனால் அவருடைய துப்பாக்கிக்குச் சரியானது உங்களுடையதற்கும் சரி என்று நினைத்துச் சொல்லிவிடுவார். அதனால் கேள்விகளைக் கொஞ்சம் விரிவாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ரெமிங்டன் 870, 12 கேஜ் (கேஜ் என்பது குழலின் அளவு, எண் கூடினால் குழல் சின்னது) வாங்கியிருக்கிறேன். கூடவே .660 என்று பொறித்த, மிக இறுக்கமான எக்ஸ்ட்ரா ஃபுல் வான்கோழி சோக் ஒன்றும் வாங்கினேன். நண்பர் வாத்து வேட்டையில் மிச்சமான ஸ்டீல் தோட்டா, 4-ஆம் நம்பர், ஒரு பெட்டி கொடுத்தார். வான்கோழிக்கும் 4-ஆம் நம்பர் சொல்கிறார்களே, இதையே போட்டுச் சுடலாமா? (ஆஸ்டின், டெக்சஸ்)

கூடாது. அந்தப் பெட்டியை அந்த சோக்கோடு சேர்த்து எடுத்துப் போகவே வேண்டாம்.

காரணத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒன்று புரிந்துவிட்டால் மற்ற பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்வீர்கள். நம்பர் என்பது குண்டின் விட்டத்தை மட்டும்தான் சொல்கிறது. 4-ஆம் நம்பர் என்றால் ஈயமானாலும் ஸ்டீலானாலும் 0.13 அங்குலம். ஆனால் குண்டு எந்த உலோகத்தால் ஆனது என்பதுதான் சோக்குக்கு முக்கியம். ஈயம் மிருதுவானது. நூற்றுக்கணக்கான குண்டுகள் ஒரே கணத்தில் குறுகலான வாய்க்குள் நுழையும்போது ஒன்றோடொன்று அழுந்தி, லேசாக நசுங்கி, இடம் விட்டுக் கொடுத்து வெளியே போய்விடும். முறுக்கு அச்சில் மாவு நெளிந்து இறங்குகிற மாதிரி. அதே அச்சில் காய்ந்த கொண்டைக்கடலையைப் போட்டு அழுத்தினால் என்ன ஆகும்? ஸ்டீல் அப்படித்தான். குண்டு நசுங்காது, ஆகவே சோக்தான் விரிந்து கொடுக்க வேண்டும். மெல்லிய சுவருள்ள டியூப் விரிந்து குழலின் மரையோடு இறுகிப் போவது, சோக்குக்குப் பின்னால் குழலைச் சுற்றி மோதிரம் போட்ட மாதிரி ஒரு வீக்கம் விழுவது, ரொம்ப மோசமானால் குழல் வாயே பிளப்பது, எல்லாம் நடக்கிறது. முன்கட்டையைப் பிடிக்கும் கை அந்தக் குழலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதையும், வேட்டையில் கூட வருகிறவர் உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார் என்பதையும் மறக்க வேண்டாம்.

“என் நண்பர் ஃபுல் சோக்கில் ஸ்டீல் சுட்டார், ஒன்றும் ஆகவில்லை” என்றும் எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். இந்தச் சேதம் முதல் தோட்டாவிலேயே தெரிய வேண்டும் என்றில்லை, கொஞ்சம் கொஞ்சமாகவும் வரும். ஒரு நாள் சோக்கைக் கழற்றப் போனால் வராது, அப்போதுதான் தெரியும். சில நிறுவனங்கள் கெட்டியான ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்த டியூப்களில் ஸ்டீல் குண்டும் சுடலாம் என்று எழுதித் தருகின்றன. எழுதித் தந்தால் சரி. டியூபிலேயே “ஈயத்துக்கு மட்டும்”, “ஸ்டீல் கூடாது” என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் அதோடு விவாதம் முடிந்தது. ஒன்றுமே எழுதவில்லை, தயாரித்தவரின் கையேட்டிலும் பதில் இல்லை என்றால் கூடாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீல்தான் சுட வேண்டுமென்றால் ஃபுல்லைவிட இறுக்கம் குறைந்த மாடிஃபைட் வரைக்கும் போகலாம் என்பது பொதுவான வழக்கம். ஸ்டீல் குண்டு நசுங்காமல் உருண்டையாகவே பறப்பதால் மாடிஃபைட் சோக்கிலேயே கிட்டத்தட்ட ஃபுல் சோக்கில் ஈயம் போகிற அளவுக்கு நெருக்கமாகப் போகும். அதற்கு மேல் இறுக்குவதில் லாபமும் இல்லை.

கேள்வி: கடையில் .640, .655, .665, .670 என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள். எண் சின்னதாக இருந்தால் நல்லது என்று விற்பனையாளர் சொன்னார். எதை வாங்குவது? (செயின்ட் லூயிஸ், மிசூரி)

அந்த எண் குண்டு வெளியேறும் முனையில் டியூபின் உள்விட்டம், அங்குலக் கணக்கில். அது மட்டும் தெரிந்தால் போதாது, உங்கள் குழலின் உள்விட்டமும் தெரிய வேண்டும். குழல் விட்டத்திலிருந்து வாய் விட்டத்தைக் கழித்தால் வருவதுதான் உண்மையான இறுக்கம். பாதுகாப்பைத் தீர்மானிப்பது அந்த வித்தியாசம்தான்.

12 கேஜின் வழக்கமான உள்விட்டம் 0.729 அங்குலம். அந்தக் குழலில் சுமார் 0.010 அங்குலம் குறைத்தால் இம்ப்ரூவ்டு சிலிண்டர், 0.020 குறைத்தால் மாடிஃபைட், 0.035 அளவில் குறைத்தால் ஃபுல். இப்போது மேலே ஆஸ்டின் வாசகர் வாங்கிய .660 டியூபைப் பாருங்கள்: 0.069 குறைகிறது, அதாவது ஃபுல் சோக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வான்கோழி சோக் என்பது சாதாரண சோக் இல்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. புறா, முயல், பயிற்சிக்கு வீசிச் சுடும் களிமண் தட்டு எல்லாவற்றுக்கும் இதையே மாட்டிக்கொண்டு திரியக் கூடாது.

ஆனால் எல்லா 12 கேஜும் 0.729 இல்லை. மாஸ்பெர்க் 835-இன் குழல் வேண்டுமென்றே அகலமாகக் குடையப்பட்டது, 0.775 அங்குலம், அது 10 கேஜின் விட்டம். பிரௌனிங்கின் இன்வெக்டர் பிளஸ் குழல்களும் 0.740-க்குக் கொஞ்சம் மேலே இருக்கும். ஒரே .690 வாய் உள்ள சோக் 0.729 குழலுள்ள மாஸ்பெர்க் 500-இல் 0.039 இறுக்கம், 835-இல் 0.085 இறுக்கம். பெயர் ஒன்று, கேஜ் ஒன்று, நிறுவனமும் ஒன்று, இருந்தும் இறுக்கம் இரண்டு மடங்கு வேறு. அதனால்தான் “எனக்கு .660 அருமையாக வேலை செய்தது” என்று யாராவது சொன்னால் முதலில் எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா என்று கேட்க வேண்டும்.

சின்ன எண் நல்லது என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. ஒரு அளவுக்கு மேல் இறுக்கினால் குண்டுகள் வாயில் நெரிந்து, ஈயமென்றால் நசுங்கிக் கோணலாகி, சிதறலில் நடுவில் ஓட்டை விழும், ஓரமெல்லாம் பறக்கும். வின்செஸ்டர் லாங்பியர்டு மாதிரி, குண்டுகளைச் சுற்றிப் பிசின் ஊற்றிக் கெட்டியாக்கி வரும் தோட்டாக்கள் சில துப்பாக்கிகளில் கொஞ்சம் இறுக்கம் குறைந்த சோக்கிலேயே இன்னும் அழகாக விழுகின்றன. சாதாரண 12 கேஜ் குழலில் ஈயத்துக்கு .665 அல்லது .670-இல் ஆரம்பித்துக் காகிதத்தில் சுட்டுப் பாருங்கள் என்பேன். போதவில்லை என்று காகிதம் சொன்னால் அப்புறம் இறுக்கலாம், அதுவும் தோட்டா நிறுவனமும் சோக் நிறுவனமும் அந்தச் சேர்க்கைக்குச் சம்மதித்திருந்தால்.

ஒரு சின்ன எச்சரிக்கை. பெரெட்டா, பெனெல்லி டியூப்களின் விளிம்பில் வெட்டுக் கோடுகள் இருக்கும். ஒரு கோடு என்றால் ஃபுல், ஐந்து கோடு என்றால் இறுக்கமே இல்லாத சிலிண்டர். கோடு குறைந்தால் இறுக்கம் அதிகம். தலைகீழாகப் படித்துவிட்டு ஸ்டீலைப் போட்டுவிட வேண்டாம்.

கேள்வி: நண்பரிடம் இரவல் வாங்கிய சோக் என் பிரௌனிங்கில் கொஞ்சம் சுற்றி நின்றுவிடுகிறது. எண்ணெய் போட்டு அழுத்திச் சுற்றலாமா? (ராலே, வட கரோலினா)

வேண்டாம், கழற்றிவிடுங்கள். அது வேறு மரை. பிரௌனிங்கில் மட்டுமே இன்வெக்டர், இன்வெக்டர் பிளஸ் என்று வேறு வேறு இருக்கின்றன, ஒன்றுக்கொன்று மாறாது. பழைய இன்வெக்டர், வின்செஸ்டரின் வின்சோக், மாஸ்பெர்க் 500-இன் அக்யு-சோக் மூன்றும் ஒரே மரை. மாஸ்பெர்க் 835-க்கு அது பொருந்தாது. பெரெட்டாவிலோ மொபில்சோக், ஆப்டிமா, ஆப்டிமா பிளஸ், ஆப்டிமா எச்பி என்று ஒரு குடும்பமே இருக்கிறது. குழலில் பொறித்திருக்கும் பெயரைப் படித்து அதே பெயருள்ள டியூபை மட்டும் வாங்குங்கள்.

மரை சேர்ந்தாலும் இன்னொன்று பார்க்க வேண்டும். டியூபின் உள்முனை குழலின் உள்சுவரைவிடக் கொஞ்சமாவது அகலமாக இருக்க வேண்டும். அந்த விளிம்பு குழலுக்குள் எட்டிப் பார்த்தால் வரும் குண்டும் வாயுவும் நேராக அதில் மோதும், டியூபைப் பிய்த்துக்கொண்டு போகும். டியூப் முழுதாக உட்காராமல் ஒன்றிரண்டு சுற்று வெளியே நின்றாலும் அதே கதிதான், இடைவெளிக்குள் வாயு புகுந்துவிடும். சந்தேகம் என்றால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டுங்கள், விட்டம் அளக்கும் கருவி அவரிடம் இருக்கும்.

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஈயம் கூடாது என்கிறார்கள். அப்படியானால் வான்கோழி சோக்கே பயன்படுத்த முடியாதா? (ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா)

பயன்படுத்தலாம், ஆனால் நீங்கள்தான் மற்ற மாநிலத்துக்காரர்களைவிடக் கவனமாக இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. வாத்துக்கு நாடு முழுவதுமே 1991 முதல் ஈயம் கிடையாது, அதனால்தான் வாத்துக்காரர்கள் வீட்டில் ஸ்டீல் கிடக்கிறது. உங்கள் முன் மூன்று வழி இருக்கிறது.

ஸ்டீல் மலிவு. ஆனால் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம்தான், ஈயம் 11.3. சீக்கிரம் வேகம் இழக்கும். மாடிஃபைட் அல்லது நிறுவனம் அனுமதிக்கும் சோக்கில், 25, 30 கஜத்துக்குள் பறவை வந்தால் மட்டும் சுடுவது என்று முடிவெடுத்துக்கொண்டால் ஸ்டீலே போதும். பொறுமையாகக் கூப்பிட்டு அருகே வரவைப்பதுதான் இந்த வேட்டையின் சுவையே என்று நினைப்பவன் நான், அதனால் இதைக் குறையாகப் பார்க்கவில்லை.

பிஸ்மத் கலவை 9.6 அடர்த்தி. ஸ்டீலைவிட மிருது என்பதால் ஃபுல் சோக்கில் பொதுவாகப் பிரச்சினை இல்லை, பழைய துப்பாக்கிக்காரர்களும் இதைத்தான் தேடுகிறார்கள். ஆனால் கொஞ்சம் நொறுங்கும் குணம் உண்டு. எக்ஸ்ட்ரா ஃபுல்லில் எப்படி விழுகிறது என்று சுட்டுப் பார்க்காமல் காட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

மூன்றாவது டங்ஸ்டன், அதில் இப்போது எல்லோரும் பேசுவது டிஎஸ்எஸ் எனப்படும் டங்ஸ்டன் சூப்பர் ஷாட். அடர்த்தி 18. ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். அதனால் 9-ஆம் நம்பர், வெறும் 0.08 அங்குலக் குண்டு, ஈயத்தில் 5-ஆம் நம்பர் செய்கிற வேலையைச் செய்கிறது. ஒரு அவுன்சில் 5-ஆம் நம்பர் ஈயம் 170 குண்டு, 9-ஆம் நம்பர் டிஎஸ்எஸ் 360-ஐத் தாண்டும். கேட்க அற்புதமாக இருக்கிறது, உண்மையிலேயே அற்புதம்தான். ஆனால் இந்தக் குண்டு ஸ்டீலைவிடவும் கெட்டி. குழலில் ஒரு குண்டுகூட நேராக உரசக் கூடாது, அதனால் கனமான பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் வைத்து அடைக்கிறார்கள். குண்டு சின்னதாக இருப்பதால் இறுக்கமான வாயிலும் ஸ்டீலைப்போல முட்டிக்கொள்வதில்லை. இருந்தாலும் சோக்கில் அல்லது அதன் பெட்டியில் டங்ஸ்டனுக்கு ஏற்றது என்று எழுதியிருக்க வேண்டும். பழைய “ஈயத்துக்கு மட்டும்” டியூபில் டிஎஸ்எஸ் போடுவதும் ஸ்டீல் போடுவதும் ஒரே தவறுதான். விலையும் அதிகம், ஒரு தோட்டாவே 10 டாலர் பக்கம் வரும், அதனால் பலர் காகிதத்தில் சுட்டுப் பார்ப்பதை மிச்சம் பிடிக்கிறார்கள். அதைத்தான் செய்யக் கூடாது.

செம்பு முலாம் பூசிய குண்டு ஈயம் இல்லை என்று நினைத்து இன்னொரு வாசகர் வாங்கிவிட்டாராம். உள்ளே இருப்பது ஈயம்தான். சோக்குக்குப் பிரச்சினை இல்லை, கலிஃபோர்னியச் சட்டத்துக்குப் பிரச்சினை.

கேள்வி: பக்கவாட்டில் துளை போட்ட சோக் நல்லதா, போடாதது நல்லதா? (அட்லாண்டா, ஜார்ஜியா)

தோட்டாவைப் பொறுத்தது. துளையும் உள்ளே சின்ன முட்களும் உள்ள சோக்குகள் வாட் எனப்படும் அந்தப் பிளாஸ்டிக் கிண்ணத்தைப் பிடித்து நிறுத்திக் குண்டுகளை மட்டும் முன்னே விட முயல்கின்றன. சாதாரணத் தோட்டாவில் அது பலன் தரலாம். ஆனால் ஃபெடரல் நிறுவனத்தின் ஃப்ளைட்கன்ட்ரோல் வாட் வேறு மாதிரி. அது குழலைவிட்டு வெளியே வந்த பிறகும் குண்டுகளைக் கொஞ்ச தூரம் சுமந்துகொண்டு போய், பின்புற இறக்கைகள் விரிந்து, அதன் பிறகுதான் பின்தங்கும். துளை சோக் அதன் இறக்கைகளைக் கிழித்துவிட்டால் சிதறல் கெடும். அந்தத் தோட்டாவுக்குத் துளையில்லாத வழவழப்பான சோக்கே நல்லது. பின்னால் வந்த ஃப்ளைட்கன்ட்ரோல் ஃப்ளெக்ஸ் இரண்டு வகை சோக்குக்கும் ஏற்றபடி செய்யப்பட்டது. துளையால் சத்தம் காதுக்குக் கூடுதலாக வரும், அது ஒன்றுக்காகவே நான் துளையில்லாததைத்தான் விரும்புவேன்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் தாத்தாவின் இரட்டைக் குழல் துப்பாக்கியைக் குறைந்த விலைக்குத் தருகிறார். வான்கோழிக்குப் போதுமா? (கொலம்பஸ், ஒஹையோ)

அவர் அன்போடு தருகிறார், அது புரிகிறது. ஆனால் மெக்கானிக் பார்த்துச் சொல்லும்வரை அதில் எந்தத் தோட்டாவும் போட வேண்டாம். இரண்டு ஆபத்து இருக்கிறது. ஒன்று, அந்தக் காலக் குழலில் சோக் உள்ளேயே குடைந்து நிரந்தரமாக இருக்கும், பெரும்பாலும் ஃபுல், மாற்ற முடியாது, மெல்லிய மிருதுவான எஃகு. ஸ்டீலுக்கோ டங்ஸ்டனுக்கோ அது செய்யப்படவில்லை. குழலில் அலை அலையான கோலம் தெரிந்தால் முறுக்கிய கம்பிகளைக் காய்ச்சி அடித்துச் சேர்த்த டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம், அதைச் சுவரில் மாட்டிவையுங்கள்.

இரண்டாவது தோட்டா அறையின் நீளம். இன்றைய வான்கோழித் தோட்டாக்கள் பெரும்பாலும் 3 அல்லது 3½ அங்குலம். பழைய அறை 2¾ அல்லது அதைவிடவும் குறைவாக இருக்கும். 3 அங்குலத் தோட்டா அதற்குள் சமர்த்தாகப் போய் உட்கார்ந்தும் கொள்ளும், ஏனென்றால் பெட்டியில் எழுதியிருக்கும் நீளம் சுட்டபின் விரிந்த நீளம். சுடும் கணத்தில் தோட்டா முனையின் மடிப்பு பிரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். உள்ளே போகிறது என்பது பொருந்துகிறது என்று ஆகாது. உங்கள் குழலில் பொறித்திருக்கும் நீளத்தைத் தாண்டிய தோட்டாவை வாங்கவே வேண்டாம்.

கேள்வி: என் மனைவிக்கும் ஆர்வம் வந்திருக்கிறது. 12 கேஜ் தோளை உதைக்கிறது என்கிறார். 20 கேஜ் போதுமா? (டாலஸ், டெக்சஸ்)

தாராளமாகப் போதும். டிஎஸ்எஸ் வந்த பிறகு 20 கேஜ் மட்டுமில்லை, அதைவிடச் சின்னக் குழலான .410-இல்கூட வான்கோழியைச் சுத்தமாக வீழ்த்துகிறார்கள். 3½ அங்குல 12 கேஜ் உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பதைவிட, சின்னத் துப்பாக்கியில் நிதானமாகத் தலையைக் குறிபார்ப்பது பறவைக்கும் நல்லது, சுடுபவருக்கும் நல்லது. 20 கேஜ் குழல் 0.615 அங்குலம், அதற்கான சோக் எண்கள் தனி, 12 கேஜ் எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.

ஆனால் ஒரே வீட்டில் இரண்டு கேஜ் இருந்தால் ஒரு விதியைக் கண்டிப்பாக வையுங்கள்: ஒரு பையில் ஒரு கேஜ் தோட்டா மட்டும். 20 கேஜ் தோட்டா 12 கேஜ் அறைக்குள் விழுந்தால் நிற்காமல் முன்னே வழுக்கிப் போய்க் குழலில் மாட்டிக்கொள்ளும். சுடவில்லையே என்று நினைத்துப் பின்னால் ஒரு 12 கேஜ் தோட்டாவைப் போட்டு இழுத்தால் குழல் வெடிக்கும். இதற்காகத்தான் 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். ஊரில் மஞ்சள் மங்கலம், இங்கே மஞ்சளைக் கண்டால் நின்று பார்க்க வேண்டும்.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி வாங்கலாமா? (ஹூஸ்டன், டெக்சஸ்)

கூட்டரசுச் சட்டப்படி குடியேற்றமற்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பதுதான் பொது விதி. விதிவிலக்குகளில் ஒன்று, அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது. உரிமம் காலாவதியானால் விதிவிலக்கும் போய்விடும், ஆகவே நாள் தவறக் கூடாது. கடையில் அந்த ஆதாரத்தைக் காட்ட வேண்டியிருக்கும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. தவறினால் குடியேற்ற வாழ்க்கையே பாதிக்கப்படும் விஷயம் இது, அதனால் வாங்குவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு முறை பேசிவிடுங்கள். டெக்சஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதன் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக் கல்வி வகுப்பும் முடிக்க வேண்டும். கட்டாயமில்லாத வயதுக்காரர்களும் போங்கள், நல்ல வகுப்பு.

கேள்வி: காகிதத்தில் சுட்டுப் பாருங்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுதுகிறீர்கள். எப்படி என்று ஒரு முறை எழுதுங்கள். (நாஷ்வில், டென்னசி)

அகலமான காகிதத்தை நட்டு, நடுவில் 10 அங்குல வட்டம் வரைந்துகொள்ளுங்கள். சுடுவதற்கு முன் குழலில் அடைப்பு இல்லை, டியூப் முழுக்க இறுகியிருக்கிறது, பெட்டியும் குழலும் சோக்கும் ஒரே கதையைச் சொல்கின்றன என்று பாருங்கள். கண்ணாடி, காதடைப்பு இரண்டும் வேண்டும். முதலில் 15, 20 கஜத்தில் விலை குறைந்த ஈயத் தோட்டாவால் குறி எங்கே விழுகிறது என்று சரி செய்யுங்கள். துப்பாக்கியை மேசையில் தாங்கி வைத்துச் சுடுங்கள், கையில் தூக்கிச் சுட்டால் உங்கள் நடுக்கம்தான் தெரியும், சோக் தெரியாது.

பிறகு வேட்டைக்கு வைத்திருக்கும் அதே தோட்டாவால் 40 கஜத்தில். 10 அங்குல வட்டத்துக்குள் 100 குண்டு விழுந்தால் நல்லது என்பது வேட்டைக்காரர்களின் பழைய அளவுகோல். எண்ணிக்கையோடு பரவலையும் பாருங்கள். வான்கோழியின் உடலில் சுடக் கூடாது, இறகும் நெஞ்சுத் தசையும் தாங்கிக்கொண்டு காயத்தோடு ஓடிவிடும். நமக்கு இலக்கு மூளையும் கழுத்தெலும்பும் மட்டும், அது ரொம்பச் சின்ன இடம். வட்டத்தில் எங்காவது பெரிய ஓட்டை விழுந்தால் சோக்கையோ தோட்டாவையோ மாற்றுங்கள். ஒரு துப்பாக்கி ஒரே நம்பரில் ஒரு நிறுவனத் தோட்டாவை அழகாகவும் இன்னொன்றை அலங்கோலமாகவும் போடும், காரணம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

40-இல் முடிந்தவுடன் வீட்டுக்குப் போகாதீர்கள், 10, 15 கஜத்திலும் ஒன்று சுடுங்கள். இறுக்கமான சோக்கில் அங்கே எல்லாக் குண்டும் உள்ளங்கை அளவில் ஒரே கட்டியாகப் போகும். பக்கத்தில் வந்து நின்ற சேவலைப் பலர் கோட்டைவிடுவது இதனால்தான்.

கேள்வி: இவ்வளவு இறுக்கமான சோக்கும் டிஎஸ்எஸ்ஸும் இருந்தால் 60 கஜத்தில் சுடலாமே? (ஷார்லட், வட கரோலினா)

காகிதம் ஒத்துக்கொண்டாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தத் தூரத்தில் பறவை ஒரு அடி தலையை நீட்டினால்கூட உங்கள் கணக்கு தப்பும். இன்னொன்று, குண்டு பறவையோடு நிற்பதில்லை. 6-ஆம் நம்பர் ஈயம் 240 கஜம் வரை போகும், டங்ஸ்டன் அதைத் தாண்டும். மரங்களுக்குப் பின்னால் இன்னொரு வேட்டைக்காரர் மறைந்து உட்கார்ந்து பறவைக் குரலில் கூப்பிட்டுக்கொண்டிருப்பார், இந்த வேட்டையில் எல்லோரும் உருமறைப்பு உடையில்தான் இருக்கிறார்கள். சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம் என்பதால் அந்த நிறத்தில் கைக்குட்டைகூட வெளியே தெரியக் கூடாது என்று வேட்டை வகுப்பில் சொல்லித் தருவதும் இதற்காகத்தான். 1930-களில் அழிவின் விளிம்புக்குப் போய், இன்று லட்சக்கணக்கில் திரும்பி வந்திருக்கும் பறவை இது. தேசிய காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு 1973-இல் தொடங்கியதிலிருந்து அதற்காக உழைக்கிறது. காயப்படுத்தி விடுவதற்காக அதைக் கொண்டுவரவில்லை.

கேள்வி: போன வருடம் போட்ட சோக் இப்போது கழலவில்லை. (மினியாபொலிஸ், மினசோட்டா)

முதலில் தோட்டா இல்லை என்று அறையையும் மேகசினையும் பார்த்துக்கொள்ளுங்கள். துரு இளக்கும் எண்ணெயை மரைப் பக்கம் விட்டு, குழல் வாயைக் கீழே சாய்த்து ஒரு இரவு வையுங்கள். மறுநாள் சரியான சாவியால் நிதானமாகத் திருப்புங்கள். இடுக்கி, சுத்தியல் கூடாது. வரவில்லை என்றால் மெக்கானிக்கிடம் கொடுங்கள், கொடுக்கும்போது போன வருடம் அதில் என்ன தோட்டா சுட்டீர்கள் என்றும் சொல்லுங்கள். ஸ்டீல் என்றால் துருவாக இல்லாமல் டியூப் வீங்கியிருக்கலாம், குழலையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கழன்றதும் மரையைத் துடைத்து, ஒட்டாமல் தடுக்கும் கிரீஸ் லேசாகத் தடவி மாட்டுங்கள். சுடும் நாளில் சில தோட்டாவுக்கு ஒரு முறை துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு டியூப் தளர்ந்திருக்கிறதா என்று கையால் பாருங்கள். டியூப் இல்லாமல் வெறும் குழலில் மட்டும் ஒருபோதும் சுட வேண்டாம், மரை போய்விடும்.